முதுகைக் காட்டிய படகோட்டி

"உங்க ரெண்டு பேருக்கும் இங்க எதுவும் கிடையாது. தண்ணிகூட."

கிளைவ் ரட்ஜ் இதைத் தலை நிமிராமல் சொன்னான். கையிலிருந்த கண்ணாடித் தம்ளர் எப்போதோ காய்ந்துவிட்டது. துணிதான் இன்னும் கோபத்தோடு அதைச் சுற்றிக்கொண்டிருந்தது.

'இரட்டை நங்கூரம்' பப்பில் மதியக் கூட்டம். ஜன்னலுக்கு வெளியே தேம்ஸ் நதி வடிந்து சேற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஆல்தியா ஃபென்னும் அவளுடைய உதவியாள் ரூஃபஸும் உள்ளே காலடி வைத்ததுமே பேச்சு நின்றுவிட்டது. மூலையில் படுத்திருந்த ஒரு நாய் எழுந்து வந்து ரூஃபஸின் காலணியை முகர்ந்தது. பிடிக்கவில்லை போலும், திரும்பப் போய்ச் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

"தண்ணி வேணாம் சார்," என்றான் ரூஃபஸ். "வாசல்லயே ஆறு இருக்கு. குனிஞ்சு குடிச்சுக்கறோம்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"மிஸ்டர் ரட்ஜ்," என்றாள் ஆல்தியா. ஐம்பதைத் தாண்டியவள், ஒல்லி, மழைக்கோட்டைக் கழற்றாமலே துப்பறிகிறவள். "சனிக்கிழமை நீங்க பார்த்ததை நகராட்சிக்காரங்ககிட்ட சொல்லியிருக்கீங்க. அதையே எனக்கும் ஒரு தடவை சொல்லிடுங்க. போயிடறோம்."

"அந்த விஷக்காரி அனுப்பினாளா?"

"டில்டா கேஸி அனுப்பினாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

கவுண்ட்டரில் சாய்ந்திருந்த நாலு பேர் இதற்கு மட்டும் சிரித்தார்கள்.

ஹாமர்ஸ்மித் கரையில் மூன்று நாளாக இதே பேச்சு. சனிக்கிழமை படகுப் போட்டி. படகுகள் பாலத்தை நெருங்கியதும் குடித்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் தம்ளரும் கையுமாகக் கரைக் கம்பிக்கு ஓடியது. அந்த நேரத்தில், டில்டா நடத்தும் பக்கத்துப் பப்பான 'குருட்டு மாலுமி'க்குள் ஒரு தம்ளர் விழுந்து உடைந்தது. பெரிக்ரின் வாட்லிங் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். அவர் குடித்தது பீர் அல்ல. பீர்க் குழாயைக் கழுவுவதற்காக அதற்குள் ஊற வைத்திருந்த கார மருந்து. ஒரே வாய்தான். அதனால் பிழைத்தார்.

வாட்லிங் வேறு யாராவதாக இருந்திருந்தால் ஊர் இவ்வளவு கொதித்திருக்காது. ஆற்றங்கரையில் நல்ல பப் எது என்று தேர்ந்தெடுத்து ஆண்டுதோறும் புத்தகம் போடுகிறவர் அவர். எப்போது வருவார், எந்த முகத்தோடு வருவார் என்று எவருக்கும் தெரியாது. அவர் பெயர் சொன்ன பப்பில் ஞாயிற்றுக்கிழமை நிற்க இடம் கிடைக்காது. சொல்லாத பப்பில் ஈ ஓட்டலாம். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் கொடுத்த வாக்குமூலம் சுருக்கமானது. பீர் கேட்டேன், டில்டா கேஸி ஊற்றிக் கொடுத்தாள்.

தான் அப்போது நிலவறையில் இருந்ததாகவும், தம்ளர் உடைந்த சத்தம் கேட்டுத்தான் மேலே ஓடிவந்ததாகவும் டில்டா சொன்னாள். அதை நம்ப ஆள் இல்லை. கட்டடம் பீர் கம்பெனிக்குச் சொந்தம். இன்று பிற்பகல் கம்பெனி ஆள் வந்து குத்தகையை முடித்துச் சாவியை வாங்கிக்கொள்வார். மாடியிலிருக்கும் இரண்டு அறைதான் டில்டாவின் வீடு. அதற்கும் அதே சாவி.

"கேட்டுக்கோ," என்று கிளைவ் தம்ளரை டொக்கென்று வைத்தான். "நான் என் வாசல்ல நிக்கறேன். அவ வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவுல ஒரு பூந்தொட்டிதான். தம்ளர் உடையுது, ஒரே பாய்ச்சல்ல உள்ள போறேன். மனுஷன் தரையில துடிக்கிறான். அவ கவுண்ட்டருக்குப் பின்னால ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறா. கடைசிப் பம்புல தகடு திரும்பியிருக்கு. போதுமா?"

"தகடு திரும்பியிருந்தா என்ன?"

கிளைவ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பப்புக்கே போனதில்லையா நீ? ஒவ்வொரு பம்புப் பிடியிலயும் பீர் பேரைப் போட்டுத் தகடு மாட்டியிருக்கோம்ல? அது குடிக்க வர்றவனைப் பாத்து இருக்கணும். பீர் தீந்துபோச்சு, இல்ல குழாய் கழுவறோம்னா அப்படியே பின்பக்கமா திருப்பிடுவோம். திரும்பியிருந்தா தொடாதேன்னு அர்த்தம். தம்ளர் கழுவுறவனுக்குக்கூடத் தெரியும் இது. அவளே திருப்பி வெச்சிருக்கா, அதுல மருந்து இருக்குன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சே ஊத்தியிருக்கா. அவ பப்பை வாட்லிங் புத்தகத்துல சேக்கவே மாட்டேங்கறார்ல, அந்த எரிச்சல்."

"அவர் விழுந்தப்புறம் அவசரமா திருப்பியிருந்தா?"

"எந்தக் கையால? ரெண்டும் வாயில இல்ல இருந்துச்சு? ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கல்லு மாதிரி நின்னா. நான்தான் பக்கத்துலயே இருந்தேன். எந்தக் கோர்ட்டுல வேணாலும் வந்து சொல்றேன்."

"கோர்ட்டுக்கு வேணாம். பக்கத்துக் கதவுக்கு வந்தா போதும்."

"அவ சாவியைக் குடுக்கறதைப் பாக்க நான் வராம இருப்பேனா?"

ரூஃபஸ் இதற்குள் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தான். வாட்லிங்கின் புத்தகத்து முன்னுரை, கீழே அவர் கையெழுத்து. அதை மேடைக்குரலில் படித்தான்:

"'கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நான் வாழ்நாளில் காலை வைத்ததில்லை. குடிக்கிறவனின் பக்கத்திலிருந்துதான் நல்ல பப்பைத் தேர்ந்தெடுக்கிறேன். கதவைத் திறந்ததும் வரும் வாசனை, தரை காலில் ஒட்டுகிறதா என்பது, தம்ளரை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஊற்றுகிறார்களா என்பது, இவையே என் அளவுகோல்.' அடேங்கப்பா. பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்வளவு பாக்க மாட்டான் பாஸ்."

"வெளிய போ," என்றான் கிளைவ்.

கதவு அவர்கள் முதுகில் இடித்து மூடியது.

பூந்தொட்டியைத் தாண்ட நாலு எட்டுகூட ஆகாது. அதற்குள் கரையோரம் நடந்த ஒரு கிழவர் அவர்களைப் பார்த்துக் காறித் துப்பினார்.

"காத்து நம்ம பக்கம் இல்ல, பொழைச்சோம்," என்று ரூஃபஸ் தன் சட்டையைச் சரிபார்த்துக்கொண்டான். "பாஸ், ஒண்ணு கேக்கட்டுமா? அந்தாளு சொன்னதை வெச்சு நம்ம கட்சிக்காரிக்கு நாமளே குழி தோண்டிட்டு வந்திருக்கோம். தகடு திரும்பி இருந்துச்சு. அவங்க கவுண்ட்டருக்குப் பின்னால இருந்தாங்க. இன்னும் மண்ணைத் தள்ளறதுதான் பாக்கி."

"அவன் பொய் சொல்றதா தோணுச்சா?"

"இல்ல. அதான் பயமா இருக்கு. வெறுப்புல சொல்றான், ஆனா உண்மையைச் சொல்றான்."

"ஆமா," என்றாள் ஆல்தியா. "அப்படிப்பட்ட சாட்சி கிடைக்கறது கஷ்டம்."

'குருட்டு மாலுமி'யின் கதவில் யாரோ சாக்கட்டியால் 'இங்கே விஷம் கிடைக்கும்' என்று எழுதியிருந்தார்கள். டில்டா கேஸி ஈரத்துணியால் அதை அழித்துக்கொண்டிருந்தாள். அகன்ற தோள், சிவந்த கை, மூன்று நாளாகத் தூங்காத கண்.

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

"மிஸ்டர் ரட்ஜுக்கு உங்களைப் பிடிக்கலை," என்றான் ரூஃபஸ்.

"இதைக் கண்டுபிடிக்க ரெண்டு பேரு வேணுமா? போங்க உள்ள."

உள்ளே நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. தரை ஒட்டவில்லை என்பதை ரூஃபஸ் கவனித்தான். கவுண்ட்டரில் ஆறு பம்புப் பிடிகள் வரிசையாக நின்றன. ஐந்தில் வண்ணத் தகடுகள் வாசலைப் பார்த்திருந்தன. ஆறாவதில் தெரிந்தது வெறும் கறுப்புப் பின்புறம். கவுண்ட்டருக்குப் பின்னால், தரையில், நிலவறைக்கு இறங்கும் மரக்கதவு.

"சனிக்கிழமையிலேருந்து எதையும் தொடலையே?" என்று கேட்டாள் ஆல்தியா.

"நகராட்சிக்காரன் தொடாதேன்னான். மருந்தை மட்டும் அவங்களே வெளியேத்திட்டு, பீப்பாய்க் குழாயைப் பிடுங்கிப் போட்டாங்க."

"அந்த ஆறாவது என்ன பீர்?"

"புதுசு. அன்னிக்குக் காலையிலதான் பீப்பாயும் தகடும் வந்துச்சு. ஒரு நாளாவது தெளியவிட்டாத்தான் ஊத்த முடியும். சரி, அதுக்குள்ள குழாயைக் கழுவிடலாம்னு மருந்து ஏத்தினேன். தகட்டை மாட்டும்போதே திருப்பித்தான் மாட்டினேன். அவ்வளவுதான் நான் பண்ணின பாவம்."

ஆல்தியா உயரமான ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். கறுப்புப் பின்புறத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ரூஃபஸ், நீ எத்தனை வருஷமா பப்புக்குப் போறே?"

"சட்டப்படியா, நிஜமாவா?"

"அந்தப் பக்கம் போய் எனக்கு ஒரு பீர் ஊத்து."

"எது?"

"உனக்குத் தோணினது."

ரூஃபஸ் கவுண்ட்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டுப் பின்னால் போனான். ஒரு தம்ளரை எடுத்து, வாட்லிங் மெச்சும்படி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தான். பிடிகளை இடமிருந்து வலமாக நோட்டம் விட்டான். பிறகு தயக்கமே இல்லாமல் ஒன்றைப் பற்றி இழுத்தான்.

"கையை எடுடா அதுலேருந்து!" டில்டாவின் கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது.

குழாயிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. அவன் இழுத்தது ஆறாவது பிடி.

"உனக்கென்ன பைத்தியமா? அது திரும்பியிருக்குல்ல!"

"எங்க திரும்பியிருக்கு?" ரூஃபஸுக்கு நிஜமாகவே புரியவில்லை. "என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கு. மத்த அஞ்சும்தான் வெறும் கறுப்பு, எதுல என்னன்னே தெரியல. இது ஒண்ணுலதான் பேரு படிக்க முடியுது. 'கிழட்டுப் படகோட்டி'ன்னு போட்டு, கீழ ஒரு கிழவன் படம். நல்லா இருக்கானேன்னு..."

பாதியில் அவனே நிறுத்திக்கொண்டான். ஆல்தியா கோட்டின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அது அபூர்வம்.

"டில்டா, இங்க வேலை பாக்கறவங்க யாராவது இவன் செஞ்ச தப்பைச் செய்வாங்களா?"

"செத்தாலும் செய்ய மாட்டாங்க. நாங்க பிடியோட இடத்தை வெச்சுல்ல ஊத்தறோம். எங்க பக்கம் பேரு தெரிஞ்சா அது..." டில்டா வாயைத் திறந்தபடி நின்றாள். "அது தொடக்கூடாதது."

"குடிச்சு மட்டுமே பழகினவன்தான் பேரைத் தேடுவான்," என்றாள் ஆல்தியா. "டில்டா, அந்தத் தகடு அப்படியே இருக்கட்டும். வர்றவங்க எல்லாரையும் முன்பக்கமே உக்கார வைங்க."

பிற்பகலில் அவர்கள் வந்தார்கள். முதலில் கம்பெனி ஆள் க்ராஸ்பி. அயர்ன் கலையாத கோட், கையில் ஒரு தோல்பை, முகத்தில் பல்வலிக்காரனின் அவசரம். அடுத்து, கம்பெனி சாட்சிக்குக் கூப்பிட்டிருந்த பெரிக்ரின் வாட்லிங், கழுத்தில் சுற்றிய பட்டுத்துணியோடு. வேடிக்கை பார்க்க வந்த கிளைவ் ரட்ஜ் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"சாவி, மிஸஸ் கேஸி," என்றார் க்ராஸ்பி. "சீக்கிரம் முடிச்சுக்கலாம்."

"ஒரு நிமிஷம்," என்றாள் ஆல்தியா. "பாதிக்கப்பட்டவர் வந்திருக்கார். அவர் வாயாலயே ஒரு தடவை கேட்டுட்டா எல்லாருக்கும் திருப்தி."

"நான் எதுக்கு இவளுக்குப் பதில் சொல்லணும்?" வாட்லிங்கின் குரல் கரகரத்தது.

"சொல்லுங்க சார்," என்றான் கிளைவ் வாசலிலிருந்து. "கேக்கட்டும். காது குளிரக் கேக்கட்டும்."

வாட்லிங் டில்டாவின் பக்கம் திரும்பாமல் பேசினார். "இந்த முக்காலியிலதான் உக்காந்தேன். எல்லாரும் படகு பாக்க ஓடிட்டாங்க. நான் 'ஒரு கிழட்டுப் படகோட்டி குடு'ன்னு கேட்டேன். இந்தம்மா ஒரு வார்த்தை பேசாம ஊத்தினாங்க."

"இவங்கதான் ஊத்தினாங்கன்னு சந்தேகமே இல்லையா? கையை மட்டும் பாத்துட்டு..."

"அம்மணி, கவனிக்கறதுதான் என் தொழில்." வாட்லிங் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தத் தகட்டுல பைப் புகைக்கிற கிழவன் படம். சிவப்புக் குல்லா. அந்தக் குல்லாவுக்கு நேர் கீழே இவங்க விரல் இருந்துச்சு. போதுமா, இன்னும் வேணுமா?"

"போதும். நீங்க விழுந்ததும் இவங்க எதையாவது தொட்டாங்களா?"

"எங்க தொட்டாங்க? எனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூடத் தோணலை. வாயைப் பொத்திக்கிட்டு மரம் மாதிரி நின்னாங்க."

"மிஸ்டர் ரட்ஜ், நீங்க உள்ள வந்தப்ப தகடு எப்படி இருந்துச்சு?"

"நூறு தடவை சொல்லியாச்சு. இப்ப இருக்கற மாதிரியேதான். திரும்பி."

"மிஸ்டர் க்ராஸ்பி, இந்தப் பீரை வேற எங்கயாவது விக்கறீங்களா?"

க்ராஸ்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் இல்ல. முதல் பீப்பாய் இங்கதான் வந்துச்சு. விளம்பரம்கூட இன்னும் குடுக்கலை. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஆல்தியா கவுண்ட்டரை விரலால் தட்டினாள்.

"மிஸ்டர் வாட்லிங், நீங்க இப்பவும் அதே முக்காலியிலதான் இருக்கீங்க. ஆறாவது பம்பைப் பாருங்க. என்ன தெரியுது?"

வாட்லிங் பார்த்தார். கறுப்புப் பின்புறம். அதில் ஒரு திருகாணி.

"பீரோட பேரு தெரியுதா? குல்லா தெரியுதா? அது சிவப்பா பச்சையா?"

கதவோரம் கிளைவ் கட்டியிருந்த கையைப் பிரித்தான்.

"மாட்டின நேரத்திலேருந்து அந்தக் கிழவன் இந்தப் பக்கம் திரும்பினதே இல்ல," என்றாள் ஆல்தியா. "அவன் முகத்தைப் பாக்கணும்னா ஒரே ஒரு இடத்துல நின்னுதான் பாக்க முடியும். ரூஃபஸ் நிக்கற இடத்துல."

கவுண்ட்டருக்குப் பின்னாலிருந்து ரூஃபஸ் கையசைத்தான். "இங்கேருந்து நல்லா தெரியறான் சார். ரொம்ப லட்சணமான கிழவன்."

"அவதான் அப்புறம் திருப்பியிருப்பா!" வாட்லிங்கின் குரல் உடைந்து கீச்சிட்டது.

"எப்போ? மரம் மாதிரி நின்னாங்கன்னு இப்பத்தான் நீங்களே சொன்னீங்க."

"இந்த ரட்ஜ் பொய் சொல்றான். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரங்க, கூட்டு..."

அதுதான் அவர் செய்த கடைசித் தவறு. கிளைவ் ரட்ஜ் கதவை விட்டு விலகி, தரை அதிர நடந்து வந்தான்.

"யாரு? நான்? இவளோடயா கூட்டு?" கழுத்து நரம்பு புடைத்தது. "யோவ், இவ கடை எப்ப மூடும்னு பாத்துக்கிட்டு இருக்கறவன்யா நான்! இவளுக்காக நான் பொய் சொல்லுவேனா? திரும்பியிருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். நீ உள்ள பூந்து திருட்டுத்தனமா ஊத்திக் குடிச்சுட்டு என்னைப் பொய்யன்ங்கறியா?"

வாட்லிங்கின் கை பட்டுத்துணியைத் தேடிப் போனது. "யாருமே இல்ல," என்றார். பேசியது டில்டாவிடமா, சுவரிடமா, தெரியவில்லை. "கூப்பிட்டுப் பாத்தேன், யாரும் வரலை. படகுங்க தாண்டிடுமேன்னு... ஒரே ஒரு தம்ளர். காசை வெச்சுட்டுப் போலாம்னுதான் இருந்தேன். அந்த ஒண்ணுலதான் பேரு தெரிஞ்சுது."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இந்தம்மா மூணு நாள் கதவைக் கழுவிக்கிட்டு நிக்க வேணாமே," என்றாள் ஆல்தியா.

"என்னன்னு சொல்றது? நல்ல பப்பைத் தேர்ந்தெடுத்துக் குடுக்கறவனுக்கு ஒரு தகட்டைப் படிக்கத் தெரியலைன்னா?"

க்ராஸ்பி தோல்பையைத் திறந்தார், மூடினார். "நான்... கம்பெனியில பேசறேன். குத்தகை இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் மிஸஸ் கேஸி. மிஸ்டர் வாட்லிங் எழுதிக் குடுத்துட்டா நகராட்சியும்..."

"எழுதிக் குடுப்பார்," என்றான் கிளைவ். "என் கடையிலயே பேனா இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்." பிறகு டில்டாவைப் பார்த்து விரலை நீட்டினான். "இதுக்காக நீ என்னைப் பாத்துச் சிரிக்காதே. நாளைக்கும் உன் கடை மூடணும்னுதான் நினைப்பேன்."

"உன்னைப் பாத்து எவ சிரிப்பா?" என்றாள் டில்டா.

வாட்லிங் எழுந்தவர் இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவில்லை. கண்ணில் நீர் தளும்ப, மூச்சு வாங்க, சனிக்கிழமை போலவே கவுண்ட்டர் பலகையைத் தூக்கக் கை நீட்டினார். அதற்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்.

டில்டாவின் சிவந்த கை பலகைமேல் அறைந்து விழுந்தது.

"தண்ணிதானே? குடுக்கறேன். அந்தப் பக்கம் நின்னு கேளு."

அவர் கேட்டார். அவள் ஒரு தம்ளரை எடுத்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள், நிரப்பி அவர் முன்னால் வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. கிளைவ் அவரைத் தோளைப் பிடித்து வெளியே நடத்திப் போனபிறகுதான் ஆறாவது பம்பிடம் போய்த் தகட்டைப் பற்றி ஒரே திருப்பாகத் திருப்பினாள்.

சிவப்புக் குல்லாக் கிழவன் முதல்முறையாக வாசலைப் பார்த்தான்.

"பாஸ்," என்றான் ரூஃபஸ், கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றபடியே, வரிசையாக ஆறு கறுப்புப் பின்புறங்களை வெறித்துக்கொண்டு. "இப்ப இதுல எது எதுன்னு எனக்கு ஒண்ணுமே தெரியல."

"அப்ப வெளிய வாடா," என்றாள் டில்டா. "ஊத்தறவ வந்தாச்சு."